கைப்பிடி அரிசிக்கு ஒரு சீட்டு

வெள்ளைக்காரர் ஆண்ட மலாயாவின் அவசரகாலத்தில் எங்கள் தோட்டத்தில் அரிசிக்கு இருந்த மரியாதை மனிதனுக்கு இல்லை. இரண்டுக்குமே காகிதம் வேண்டும். ஆனால் மனிதன் காகிதத்தை மறந்துவிட்டால் இரண்டு அறையோடு விட்டுவிடுவார்கள். சமைக்காத அரிசி கம்பிவேலிக்கு வெளியே ஒரு பிடி அகப்பட்டாலும் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போட்டதாக வழக்கு. வழக்கு என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கலாம். இந்தியாவில் பிறந்தவர் என்றால் கப்பல் ஏற்றியும் அனுப்பிவிடலாம். இந்த விதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். மெர்லிமாவுக்கு உள்ளே இருந்த ஒரு கித்தா ரப்பர்த் தோட்டத்தில் நான் இரண்டாம் கிராணி, அதாவது குமாஸ்தா. மலாக்கா டவுனில் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன், தட்டச்சு தெரியும், கால்சட்டை போடுவேன். அதற்கு மேல் தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

தோட்டத்தில் யாருக்கு மேல் யார் என்பதைச் சைக்கிளை வைத்தே சொல்லிவிடலாம். எதிரே கிராணி வந்தால் பால்மரம் வெட்டுகிறவர் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். எதிரே துரை வந்தால் கிராணி இறங்க வேண்டும். துரையின் பங்களா வாசலைக் கடக்கும்போது, அவர் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த விதியைத்தான் எல்லோரும் பிழையில்லாமல் கடைப்பிடித்தோம்.

ஒருவர் மட்டும் கடைப்பிடிக்கவில்லை. யுத்தக் காலத்தில் இந்திய விடுதலைப் படையில் சேர்ந்து பர்மா எல்லைவரை போய்த் திரும்பிய வெட்டுக்காரர் அவர். வந்ததும் தோட்டத்தில் சங்கம் வைத்தார். சங்கத்தைத் தடை செய்த பிறகும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலையில் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மணியடித்துக்கொண்டே போனார். அன்றே துரைக்கு மூன்று பத்தியில் ரிப்போர்ட் எழுதினேன். மறுவாரம் அவருக்கு மலைமேட்டு மர நிரை கொடுக்கப்பட்டது. ஒன்றரை வருஷம் பால் வாளிகளோடு அந்த மேட்டில் ஏறி இறங்கினார். பிறகு நெஞ்சில் சளி கட்டி, தோட்டத்து ஆஸ்பத்திரியின் கலர் தண்ணீரைக் குடித்து, ஒரு சனிக்கிழமை விடியும்போது இறந்துபோனார். ரிப்போர்ட்டுக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டென்று யாராலும் நிரூபிக்க முடியாது. எதையெல்லாம் நிரூபிக்க முடியாது என்பதிலும் நான் கெட்டிக்காரன்.

அன்று பத்து மணிக்கு வெட்டுக்காரர்களை மேய்க்கும் மண்டோர் ஆபீசுக்கு வந்தார்.

“ஐயா, அவரு அண்ணன் புலாவ் செபாங் பக்கத்துலேர்ந்து வந்து கேட்டுக்கு வெளியவே நிக்கிறாரு. பாஸ் இல்லன்னு உள்ள விடமாட்டேங்கிறானுங்க. நேரா இடுகாட்டுக்கு வரச் சொல்லிட்டோம். அங்கதான் அவரு வாய்க்கரிசி போடணும். ஒரு கை அரிசிக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன்.”

“சீட்டுல துரைதான் கையெழுத்துப் போடணும். அவர் மலாக்கா கிளப்புக்குப் போயிட்டார். திங்கக்கிழமைதான் வருவார்.”

“மனசு வெச்சா முடியும்லா ஐயா.”

“மனசுக்கு அந்தச் சீட்டுப் பாரத்துல கட்டம் இல்ல. எல்லாத்தையும் வீட்டிலயே முடிச்சிடுங்க.”

மண்டோர் போய்விட்டார். துரை கிளப்புக்குப் போகும் நாட்களில் ஸ்டோர் லாரி தடைபடக் கூடாது என்பதற்காக, நிரப்பாத அரிசிச் சீட்டுப் பாரங்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். அன்று அப்படி நான்கு பாரங்கள் என் மேசை இழுப்பறையில் இருந்தன. அது சட்டவிரோதம். அதனால் நான் அதைச் சொல்லவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலரை மணிக்குப் பாடை கேட்டுக்கு வந்தது. ஆறு மணிக்கு ஊரடங்கு. இடுகாடு வேலிக்கு வெளியே, கால் மணி நடை. வெளியே போகிறவர்களின் பெயரை எழுத நான் கேட்டில் நின்றிருந்தேன். பெண்களைச் சோதனை போடும் மலாய்ப் பெண், இறந்தவரின் மனைவியுடைய இடுப்பைத் தடவினாள். முந்தானை முடிச்சில் கை நின்றது.

“பெராஸ்,” என்றாள் மெல்ல, அதைச் சொல்ல அவளுக்கே விருப்பமில்லாததுபோல்.

வெள்ளைக்காரப் போலீஸ் லெப்டினன்ட் நிழலிலிருந்து எழுந்து வந்தார். முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். அரிசி. யாருக்கு என்று கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

“அவருக்குத்தான், வேற யாருக்கு?” என்றார் அந்த அம்மாள். “காட்டுல இருக்கிறவனுக்கு இந்த ஒரு பிடி எந்தப் பல்லுல ஒட்டும்? அதையும் கேளுங்க உங்க தொரைய.”

நான் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

“செத்தவன் எங்கே சாப்பிடுவான்?” என்றார் லெப்டினன்ட். “பாடையை இறக்கு. துணியை விலக்கு. அடியில் இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க வேண்டும். இவளை லாரியில் ஏற்று.”

பறை நின்றது. பாடையைச் சுமந்த நால்வரும் இறக்கவில்லை. முன்னால் நின்றவன், “தொட்டுப் பாக்கச் சொல்லுங்க,” என்றான். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் துப்பாக்கிகளைத் தோளிலிருந்து இறக்கினார்கள். ஒருவன் துப்பாக்கிப் பூட்டை இழுத்துக் குண்டேற்றும் சத்தம் கேட்டது. பின்னால் நின்ற நூறு பேரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அவரு உசுரோட இருக்கையில நீங்க எழுதினீங்க, மேட்டுக்குப் போனாரு. இப்பவும் என் பேர எழுதுங்க கிராணியாரே. நான் இங்கதான் நிக்கிறேன்.”

வெட்டுக்காரர்கள் குடியிருக்கும் லயம் முழுக்க அந்த ரிப்போர்ட்டைப் பற்றி அறிந்திருந்தது. நான் ரகசியம் என்று மேலே தட்டச்சு செய்திருந்தேன்.

“சீட்டு இருக்கிறது, சார்,” என்றேன். “ஆபீசில் மறந்துவிட்டேன்.”

“கால் மணி நேரம்,” என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்து.

ஆபீசில் இழுப்பறையைத் திறந்து ஒரு பாரத்தை எடுத்தேன். எழுத்து பிசகவில்லை, பழக்கம். பொருள்: அரிசி, சமைக்காதது. அளவு: கால் காட்டி எடைக்கும் குறைவு. நோக்கம்: ஈமச்சடங்கு. பெறுபவரின் அடையாளக் கார்டு எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் சீட்டு செல்லாது. செத்தவரின் கார்டைத் திருப்பி அனுப்ப அன்று காலைதான் வாங்கி வைத்திருந்தேன். அந்த எண்ணையே எழுதினேன். பெறுபவர் அவர்தானே.

லெப்டினன்ட் சீட்டை இரண்டு தடவை படித்தார். “உங்கள் மானேஜர் நேற்றே மலாக்கா போய்விட்டார். இதில் இன்றைய தேதி இருக்கிறது.”

“தேதி நான் எழுதியது, சார். கீழே இருக்கும் கையெழுத்து அவருடையது. சந்தேகம் என்றால் கிளப்புக்குப் போன் செய்யலாம். இந்நேரம் சீட்டாட்டத்தில் இருப்பார்.”

அவர் கழுத்து சிவந்தது. வெள்ளைக்காரர்களுக்குள்ளும் சைக்கிள் விதி உண்டு. துரை கிளப்புக்குள் சீட்டாடுகிறவர். லெப்டினன்ட் முன்னாள் சார்ஜன்ட், அந்தக் கிளப்பின் வாசலோடு நிற்கிறவர். ஒரு கைப்பிடி அரிசிக்காகத் துரையை ஆட்டத்திலிருந்து எழுப்ப அவரால் முடியாது. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது.

“நீயும் கூடப் போ,” என்றார் கடைசியில். “ஒரு மணி அரிசி திரும்பி வந்தாலும், வழியில் விழுந்தாலும், அவளோடு உன்னையும் ஏற்றுவேன்.”

அப்படித்தான் நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெட்டுக்காரரின் பாடைக்குப் பின்னால் நடந்தேன். இரண்டு கான்ஸ்டபிள்கள் எனக்குப் பின்னால் வந்தார்கள். இடுகாட்டில் அண்ணன் காத்திருந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கி நிறுத்தி அரிசி போடவைத்தார்கள். அதன் பிறகும் முந்தானையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“போடுங்க கிராணியாரே,” என்றார் அந்த அம்மாள். “ஒரு மணிகூடத் திரும்பக் கூடாதுன்னு அந்தத் தொர சொன்னத நீங்கதான தமிழ்ல சொன்னீங்க.”

குத்தலா, வேண்டுகோளா என்று இன்றுவரை தெரியவில்லை. கான்ஸ்டபிள்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரிசியில் அவருடைய இடுப்புச் சூடு இன்னும் இருந்தது. வாங்கி, குனிந்து, போட்டேன். ஐந்து ஐம்பதுக்குக் கேட்டைத் தாண்டினோம். மலாய்ப் பெண் முந்தானையை உதறிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லயத்துக்கு நடந்தார்.

திங்கட்கிழமை துரை பங்களாவுக்கு அழைத்தார். சீட்டின் நகல் அவர் முன்னால் இருந்தது.

“இதில் நான் கையெழுத்துப் போட்டேனா?”

“ஆமாம், சார். எழுதியது நான்.”

என்னைத் தண்டிக்க வேண்டுமானால் வெறும் பாரத்தில் கையெழுத்திட்டதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மீதி மூன்றையும் வாங்கிக் கிழித்தார். தலைமைக் கிராணி வேலைக்கு என் பெயர் போவதாக இருந்தது. அது போகாது என்றார். பிறகு கார்டு எண்ணைப் பார்த்து, “இவன் சைக்கிளை விட்டு இறங்காதவன் இல்லையா? உன் ரிப்போர்ட் நினைவிருக்கிறது. நன்றாக எழுதியிருந்தாய்,” என்றார்.

“நன்றி, சார்,” என்றேன்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். ஏறிப் போயிருக்கலாம், இழக்க இனி எதுவும் இல்லை. பங்களா வாசல் தாண்டும்வரை தள்ளிக்கொண்டுதான் நடந்தேன்.