ஐரின் டீச்சரின் சாவுக்கு வந்தவர்கள்

சனிக்கிழமை காலை பள்ளி முதல்வர் என்னை அழைத்து, ஐரின் டீச்சர் போய்விட்டார் என்றார். எப்படி என்று கேட்டேன். தெரியவில்லை, நாகல் நகர் முனையில் ஃப்ளெக்ஸே கட்டிவிட்டார்கள், படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அவருடைய ஃபோனும் அணைந்து கிடக்கிறது என்றார். பிறகு மூக்கை உறிஞ்சினார். அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"அந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட இனி மேத்ஸுக்குக் கொடுத்துறலாம்ல சார்?" என்றார்.

முந்தின நாள் மாலை வரை ஆசிரியர் அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்த பெண். மரணத்தைப் பற்றி ஞானிகள் சொல்லிவைத்தது எதுவும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. சட்டையின் உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கிளம்பியதைத் தெருமுனையில்தான் கவனித்தேன்.

ஐரின் வீட்டுத் தெரு தொடங்கும் அந்த முனையில் ஃப்ளெக்ஸை நானும் பார்த்தேன். அந்த மூலையில் பிறந்தநாளுக்குக் கட்டுகிற ஃப்ளெக்ஸில் இருபது முகமாவது இருக்கும், சிங்கமோ சிறுத்தையோ கூடவே வரும். ஒற்றை முகம் என்றால் அது சாவு. இதில் அந்த ஒற்றை முகமும் ஓரத்தில் சிறிதாக, கறுப்பு வெள்ளையில் இருந்தது. மீதி முழுவதும் வெள்ளை. குறுக்கே ஒரு கிளை, அதிலிருந்து விழுகிற சில இதழ்கள். அடியில் ஒரு வரி: 'உதிரும் பூவைப் பார்க்கச் சொன்னீர்கள், டீச்சர். பார்க்கிறோம்.' இரண்டு பக்கமும் உண்மையான கண்ணீர் அஞ்சலிகள் தொங்கின. யாருக்குச் சந்தேகம் வரும்?

வீட்டு வாசலில் ஒரு சின்ன வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தெருப் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். கதவு சாத்தியிருந்தது. உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் அதை நம்பியிருந்தார்கள். கணவர் ஆல்வின் காய்கறி வியாபாரி. விடியும் முன்பே ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனவர் ஃபோனை எடுக்கவில்லை.

அப்போது கதவு திறந்தது. ஐரின் வெளியே வந்தார். சனிக்கிழமை காலையில் ஃபோனை அணைத்துவிட்டுப் பின்னறையில் பரீட்சைத் தாள் திருத்துவது அவர் வழக்கம். அழுகைச் சத்தம் கேட்டு, எதிர்வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். துக்கம் கேட்கப் போவதற்காகச் சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். முன்னால் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பழனியம்மாளின் அருகில் குனிந்து, மெதுவான குரலில் கேட்டார்.

"யாரு போயிட்டாங்கக்கா?"

பழனியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஐரினின் கையைப் பிடித்தார், உடனே விட்டார், மறுபடி பிடித்தார். "சூடாத்தான் இருக்கு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். நாற்காலி இறக்கியவன், இறக்குவதா ஏற்றுவதா என்று என்னைக் கேட்டான்.

ஐரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறந்த ஆசிரியை என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட மாட்டேன். பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துபவர். வெள்ளிக்கிழமை கடைசியில் ஒரு வீண் பீரியட் கிடைத்தது. அதில் கீழை நாடுகளின் இலக்கியமும் பண்பாடும் சொல்லித்தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். சீனமோ ஜப்பானிய மொழியோ அவருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் வந்ததைப் படித்துத் தமிழில் சொல்வார். சில இடங்களில் ஆசையால் கூட்டியும் சொல்வார். ஆனால் கொரிய நாடகம் பார்ப்பதற்காக மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை, மையால் வரைந்த ஒரு படத்தின் வெற்றிடத்தைப் பத்து நிமிடம் வாய்மூடிப் பார்க்கவைத்தார். அதை என் வகுப்பில் நான் செய்ததில்லை.

ஒரு நாள் என் ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் அவர் வழியனுப்புதலைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். பழைய சீனக் கவிஞர்கள் நண்பனைப் படகில் ஏற்றிவிட்டுக் கரையில் நிற்பதையே திரும்பத் திரும்பப் பாடினார்கள் என்றார். பஸ் ஏற்றிவிடுவதற்கெல்லாம் கவிதையா மிஸ் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நம் ஊரில் கிளம்பும்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். 'வாரேன்' என்று வகுப்பே கத்தியது. போகிறவன் ஏன் வருகிறேன் என்று சொல்கிறான், அதுவே ஒரு கவிதைதானே என்றார். எந்த வீட்டில் அதைச் சொல்ல மாட்டீர்கள் என்று அடுத்துக் கேட்டார். சிறிது நேரம் கழித்து மோகன்குமார் என்ற மாணவன், "எழவு வீட்டுல மிஸ். சொல்லாமத்தான் கிளம்பணும்" என்றான்.

அதற்குப் பிறகு ஐரின் பாடத்தைத் தொடரவில்லை. மணி அடிக்கும் வரை பிள்ளைகளைப் புத்தகம் படிக்கச் சொன்னார்.

காரணம் எனக்குத் தெரியும். ஐரின் ஆத்தூர்க்காரர். ஆல்வினுக்கும் அதே ஊர், அதே கோவில், ஆனால் வேறு தெரு. அந்த ஊரில் பூசையில் ஒன்றாக முழங்காலிடலாம். பெண் கொடுக்கல் வாங்கல் வேறு கணக்கு. கல்யாணத்துக்கு முதல் நாள் அண்ணன் ஞானராஜ் வந்து, "இனி உன் சாவுக்குத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு, வாரேன் என்று சொல்லாமல் போனார். பன்னிரண்டு வருடம் ஆகிறது. தன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கும் புதுவீட்டுக்கும் ஐரின் சொல்லியனுப்பினார். அவர் வரவில்லை. ஐரினுக்கு இருந்த ஒரே குறை அது. அண்ணன் ஒருமுறை வாசல்படி ஏற வேண்டும்.

நான் ஆல்வினை எப்படியோ ஃபோனில் பிடித்து ஐரினைப் பேசவைத்துக்கொண்டிருந்தபோது, ஃப்ளெக்ஸ் செய்த பிள்ளைகள் வந்துசேர்ந்தார்கள். தமிழ்நிலா முன்னால் வந்தாள், கையில் கேக் டப்பா. டீச்சரின் வகுப்புக்கு ஒரு வருடம் நிறைந்ததற்காக அவர் சொல்லிக்கொடுத்த முறையிலேயே ஒன்று செய்யலாம் என்பது அவர்கள் யோசனை. கறுப்பு மை, வெற்றிடம், உதிர்வதில் இருக்கிற அழகு, எல்லாம் பாடத்தில் வந்தவை. ஃப்ளெக்ஸ் கடை சூசை வழக்கமாக இரண்டு நாள் இழுத்தடிப்பவர். முந்தின நாள் இரவு இந்தப் படத்தைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல், கல்யாண ஃப்ளெக்ஸை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரத்தில் அடித்து, தானே கொண்டுபோய்க் கட்டியும் விட்டாராம். சாவு ஃப்ளெக்ஸ் வரிசையில் நிற்பதில்லை. இது பிள்ளைகளுக்குத் தெரியாது. சூசை அண்ணனுக்கு நம் வேலை பிடித்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறார்கள்.

இப்போது நாற்காலிகளையும் அழுத முகங்களையும் பார்த்ததும் தமிழ்நிலா கேக்கைக் கீழே போட்டாள். டீச்சர் இரவு உண்மையாகவே இறந்துவிட்டார், நாங்கள் கட்டியதால்தான் இறந்தார் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். ஐரின் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தார். உயிரோடு வந்து கட்டிப்பிடிக்கிறவரைப் பார்த்து அவள் இன்னும் பயந்தாள்.

"ஏ புள்ள, நான்தான். நல்லாப் பாரு" என்றார் ஐரின். திட்டவில்லை. படத்தில் வெற்றிடம் நன்றாக விட்டிருக்கிறீர்கள் என்றுகூடச் சொன்னார்.

கூட்டம் கலையத் தொடங்கிய நேரத்தில் ஞானராஜின் வண்டி தெருவுக்குள் வந்தது. வாட்ஸ்அப் படம் ஆத்தூர் வரை போயிருந்தது. பின்னால் அவர் மனைவி அமலராணி, மடியில் ஒரு துணிக்கடைப் பை. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் கடைசியாக உடுத்த பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வர வேண்டும். வழியில் செம்பட்டியில் இறங்கி வாங்கியிருக்கிறார்கள். ஞானராஜின் கண்கள் வீங்கியிருந்தன. வண்டியை நிறுத்தி, பையை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலுக்கு வந்தவர், படியில் நின்ற தங்கையின் கால்களை முதலில் பார்த்தார். பிறகுதான் முகத்தை.

அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயம் இருந்தது, ஏமாற்றப்பட்ட கோபமும் இருந்தது. அடியில் வேறொன்று இருந்தது, அதற்குப் பெயர் வைக்க நான் அவசரப்பட மாட்டேன். படிக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஐரின் இறங்கி வந்து பையை எடுக்கப் போனார்.

"அதத் தொடாத" என்றார் ஞானராஜ். பன்னிரண்டு வருடத்தில் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை.

"எனக்குத்தானண்ணே வாங்குன?"

"கோடிடி அது. கெணத்துல போடணும்."

ஐரின் பையைப் பிரித்தார். அரக்கு நிறம், மெல்லிய சரிகை. சிறுவயதில் அவர் அடம்பிடித்துக் கேட்ட நிறம் என்று பின்னால் சொன்னார். "இருக்கட்டும். பின்னாடி நீ மறுபடி அலைய வேண்டாம்ல" என்றார்.

அமலராணி சிலுவை போட்டுக்கொண்டார். "வாயக் கழுவு புள்ள" என்றார்.

"சாவுக்குத்தான் வருவேன்னு சொன்ன. சொன்னபடி வந்துட்ட" என்றார் ஐரின். "அந்தக் கணக்கு முடிஞ்சிருச்சுண்ணே. உள்ள வா."

ஞானராஜ் எழுந்தார். செம்பில் வந்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். படியைப் பார்த்தார். ஏறவில்லை. திரும்பி நடந்து வண்டியைக் கிளப்பினார். அமலராணி ஏறி உட்கார்ந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு வார்த்தை இல்லை. எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். ஐரின் சேலையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வகுப்பில் அவர் சொன்ன அந்தச் சீனக் கவிஞர்களைப் போல நின்றார்.

தெருமுனையில் வண்டி நின்றது. ஞானராஜ் இறங்கி ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். மனைவியைக் கேட்காமல், அருகிலிருந்த இளநீர்க்காரனிடம் அரிவாளை வாங்கி, நான்கு கயிற்றையும் அறுத்தார். அதைப் பாய் போலச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு தெரு முழுவதும் நடந்து திரும்பி வந்தார். வாசல்படி ஏறி, கதவுக்கு உட்பக்கம் சுவரோரமாக அதைச் சாய்த்துவைத்தார். ஒரு கால் உள்ளே இருந்தது, ஒரு கால் வெளியே.

"ரோட்டுல இனி ஒன் மூஞ்சிய இப்படிக் கட்டுனா வெட்டிப்புடுவேன்னு அந்தப் பயலுககிட்ட சொல்லு" என்றார்.

இறங்கி நாலடி போனார். திரும்பவில்லை. சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

"வாரேன்."