இடது தோள் அரை விரல் இறக்கம்

அந்த அரண்மனையில் ராஜா வீட்டுப் பெண்கள் மேல் ஊசி படக்கூடாது. அளவுக்கயிறும் படக்கூடாது. ஆனால் உடுப்பு மட்டும் உடம்பில் வார்த்து எடுத்த மாதிரி உட்கார வேண்டும். அது எப்படி முடியும் என்று யாரும் கேட்டதில்லை. தையற்காரி பாடு என்று விட்டுவிட்டார்கள்.

தையற்காரிக்கு அந்த வேலை மாமியார் வழியாக வந்தது. மாமியாருக்கு அவருடைய சித்தி வழியாக. அந்தச் சித்தி காலத்திலேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இளவரசி எந்த வாகோ அதே வாகில் ஒரு பெண்ணைப் பிடித்து, நாள் முழுக்க நிற்க வைத்து, அவள் மேல் துணியைச் சுற்றிக் குத்தித் தைப்பது. சின்ன இளவரசிக்கு ஏழு வயதானபோது ஊரெல்லாம் தேட வேண்டியிருக்கவில்லை. இளவரசி போட்டுக் கழித்த உடுப்பைத் தையற்காரியின் ஒரே மகளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். அவளுக்கென்றே தைத்தது போல இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு நிற்பதுதான் வேலை.

'தூண்' என்று அவளுக்குப் பேர் வைத்தது அவளுடைய அத்தை, அதாவது தையற்காரியின் நாத்தனார். நாத்தனாருக்குப் பொத்தான் துளை வெட்டுகிற வேலை. கையில் இருந்த கத்தரிக்கோலைவிட வாய் கூர்.

"அண்ணி, உங்க பொண்ணு நின்னுக்கிட்டே தூங்குறா பாருங்க. குதிரைக்குப் பொறந்தவளா இவ?"

"உன் அண்ணனுக்குத்தான் பொறந்தா. குதிரையா இல்லையான்னு நீயே சொல்லு," என்பாள் தையற்காரி, வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே.

"கால் வலிக்குதாடி?" என்று மகளைக் கேட்டால் அவள் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வாள். "கால் வலிக்கலம்மா."

வலிக்காமல் எங்கே போகும்? நின்று நின்று, பாரத்தையெல்லாம் இடது காலில் போட்டே பழகி, இடது தோள் வலதைவிட அரை விரல் இறங்கிவிட்டது. தையற்காரி அதை வெளியே மூச்சு விடவில்லை. இளவரசிக்குத் தைக்கும்போது மட்டும் அந்த அரை விரலை ஏற்றித் தைத்துவிடுவாள்.

ஆற்றுக்கு அக்கரை ராஜாவோடு ஒன்பது வருஷமாகச் சண்டை. தையற்காரியின் புருஷனையும் நாத்தனாரின் புருஷனையும் ஒரே மழைக்காலத்தில் வாரிக்கொண்டு போன சண்டை அது. கடைசியில் இரண்டு ராஜாக்களுக்கும் கை ஓய்ந்தது. சின்ன இளவரசியை அக்கரை ராஜாவின் மகனுக்குக் கட்டிக் கொடுப்பது, ஆயுதத்தைக் கீழே வைப்பது என்று பேசி முடித்தார்கள். இளவரசிக்கு அப்போது பதினெட்டு. தூணுக்கும் அதே பதினெட்டு.

ஒப்பந்தத்தில் நூறு விஷயம் இருந்தது. தையலறைக்குச் சம்பந்தப்பட்டது இரண்டு. ஒன்று, பிறந்த வீட்டு நூல் ஒரு இழைகூட அக்கரைக்கு வரக்கூடாது. பாலத்தின் நடுவில் கூடாரம் போட்டு, அங்கே பெண் உடுப்பு மாற்றிக்கொண்டு, அக்கரைக்காரர்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அதற்கு முன்கூட்டியே அளவு அனுப்ப வேண்டும். இரண்டாவது, ராணி பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னது. ராஜாவின் அத்தை ஒருத்தி முன்பு இதே மாதிரி அக்கரைக்குப் போய், ஏழாவது வருஷம் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, வந்த வாரத்திலேயே கண்ணை மூடினாளாம். அதனால் வருஷம் ஒரு தடவை இளவரசியின் அளவுக்கயிறு பிறந்த வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.

"இந்த ஒரு தடவை நிஜ அளவே வேணும்," என்றார் அரண்மனைக் காரியக்காரர். "இளவரசி அறைக்கே போய் எடுத்துக்க. ராஜா அனுமதி குடுத்துட்டாரு."

தையற்காரி போனாள். இளவரசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "நாளைக்கு வாங்க." மறுநாளும் அதே சுவர், அதே பதில். மூன்றாம் நாள் அளவை வாங்கிப் போகக் குதிரைக்காரன் வாசலில் வந்து நின்றுவிட்டான். தையற்காரி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தையலறைக்கு வந்தாள். மகள் வழக்கமான இடத்தில் நின்றாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. கழுத்து, வலது தோள், இடது தோள், மார்பு, இடுப்பு என்று ஒன்பது முடிச்சு. குதிரை போன பிறகுதான் அந்த அரை விரலை ஏற்றாமல் விட்டது நினைவுக்கு வந்தது.

"எத்தனை வருஷமா சரியா இருந்திருக்கு, இப்ப மட்டும் என்ன ஆயிடப்போகுது," என்றாள் நாத்தனார். தையற்காரியும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள். இளவரசி மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு யார் சொல்லித் தெரியும்?

கல்யாணத்தன்று பாலத்தின் இரண்டு முனையிலும் படை நின்றது. கூடாரத்துக்கு இந்தப் பக்கத் திரைக்கு வெளியே தையற்காரி நின்றாள். தூண் இளவரசியின் நீள அங்கியைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்க வந்திருந்தாள். உள்ளே உடுப்பு மாற்றினார்கள். பிறகு அக்கரைப் பெரியம்மாள் ஒருத்தியின் குரல் உயர்ந்தது.

"என்ன இது? கொடிக்கம்பத்துல துணி மாட்டின மாதிரி தொங்குது? ஒரு தோள் நிக்கவே மாட்டேங்குது. இது யாரோட அளவு? பொண்ணை மாத்திட்டீங்களா?"

காரியக்காரர் திரைப் பக்கம் ஓடி வந்தார். தையற்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நாலு தையல். அவ்வளவுதான். ஒரு மூச்சுல முடிச்சிடறேன், என்னை உள்ள விடுங்கய்யா."

"உன் ஊசி இந்தத் திரையைத் தாண்டுச்சுன்னா ஒப்பந்தம் போச்சும்மா. அங்க பாரு, வில்லை எடுத்துட்டாங்க."

ஊசி அவள் கழுத்துப்பட்டியில்தான் குத்தியிருந்தது. நூலும் கோத்துத்தான் இருந்தது.

அப்போதுதான் தூண் திரையை விலக்கி உள்ளே போனாள். யாரும் அனுப்பவில்லை. "எங்கம்மா மேல தப்பில்லீங்க," என்று அவள் சொன்னது வெளியே கேட்டது. "இவங்கதான் இளவரசி. அளவுதான் என்னுது."

அக்கரைக்காரர்கள் நம்பவில்லை. அவள் உடுப்பைக் கழற்றி, கல்யாண உடுப்பை அவளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. பெரியம்மாள் சிரித்த சத்தம் கேட்டது.

"அப்ப சரி. நாங்களும் ராஜா வீட்டுப் பொண்ணு மேல கயிறு வைக்க மாட்டோம். அளவை அனுப்பினவங்க ஆளையும் குடுத்துடுங்க. இனி எங்க ஊர்ல துணி தைக்க இவ நிக்கட்டும்."

எழுத்தர் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார். இந்தப் பக்கத்து ராஜா சரி என்று தலையாட்டினார். இளவரசிக்கு அதே உடுப்பை நாடா கட்டி இறுக்கிப் போட்டார்கள். தூணுக்கு அக்கரைத் துணி ஒன்றைக் கொடுத்துப் போர்த்தினார்கள். அந்தத் துணி மேலே விழுந்ததும் அவள் அக்கரைக்காரி. இந்தப் பக்கம் ஒரு எட்டு வைக்க முடியாது.

திரை இடுக்கில் மகளின் முகம் ஒரு தடவை தெரிந்தது. "கால் வலிக்கலம்மா," என்றாள்.

இரண்டு பக்கமும் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஊர் ஜனம் கட்டிப்பிடித்து அழுதது. தையற்காரியும் அழுதாள். எல்லோரும் அழுத இடத்தில் அவளை யார் தனியாகக் கவனிப்பார்கள்?

முதல் வருஷத்துக் கயிறு வந்தது. கூடவே ஒரு காகிதத்தில் 'இளவரசி நலம்' என்று இரண்டே வார்த்தை. முடிச்சு படிக்கத் தெரிந்தவள் தையற்காரி மட்டும்தான் என்பதால் கயிறு தையலறைக்கு வந்தது. விரலை ஓட்டினாள். கழுத்து, வலது தோள், இடது தோள். இடது தோளில் விரல் நின்றது. அரை விரல் இறக்கம். முடிச்சும் அவள் மகளுக்குச் சொல்லிக் கொடுத்த இரட்டை முடிச்சு.

"தூணு!" என்று கத்தப்போன நாத்தனாரின் வாயைப் பொத்தினாள். பின்னாலேயே ராணி வந்து நின்றிருந்தாள்.

"என் பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்கம்மா. ஒரு சுத்துகூட குறையல."

"இந்த அளவுல ஒரு பொம்மை செஞ்சு வை. நான் பாக்கணும்."

பழைய துணியும் பஞ்சும் அடைத்துத் தையற்காரி பொம்மை செய்தாள். தலையில்லாத, கையில்லாத உடம்பு. ராணி அதைப் பார்த்துவிட்டு, "ஏன் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு?" என்றாள்.

"கயிறு அப்படித்தான் சொல்லுதும்மா."

"அங்க போய் என் பொண்ணு கூன் போட்டுட்டாளா?" ராணி அதைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் போன பிறகு தையற்காரி கட்டிக்கொண்டாள்.

இரண்டாம் வருஷம் இடுப்பு ஒரு விரல் கூடியிருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம் இடுப்பு ஏழு விரல் கூடியிருந்தது. மார்பு மூன்று. தையற்காரி இரண்டு தடவை, மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். அவள் வாய் திறக்கும் முன் ராணி அவள் விரல் போன தூரத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டாள்.

"மாசமா இருக்காடி என் பொண்ணு!"

மணி அடித்தார்கள். பொம்மைக்கு வயிறு வைக்கச் சொன்னார்கள். அரண்மனைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அந்தப் பஞ்சு வயிற்றைத் தடவிவிட்டுப் போனார்கள். தையற்காரி ஊசியோடு பக்கத்தில் நின்றாள். கல்யாணம் ஆகாத பெண். யார், என்ன, ஆசையாகவா, அடித்தா? கயிற்றில் அதற்கெல்லாம் முடிச்சு கிடையாது.

மறுநாள் காரியக்காரரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் எழுந்து போய் முதலில் கதவைச் சாத்தினார்.

"இளவரசி அளவுன்னு அக்கரை ராஜா வேற அளவை அனுப்பறான்னு சொல்றியா? அப்படின்னா ஒப்பந்தத்தை மீறிட்டான். ராஜா காதுல விழுந்தா நாளைக்கே படை கிளம்பும். கிளம்பட்டுமா? நீ சொல்லு."

"என் பொண்ணைத் திருப்பிக் கேக்க முடியாதாங்கய்யா?"

"அவளை யாருன்னு சொல்லிக் கேக்கறது? கயிறுன்னா?"

திரும்பி வந்தால் நாத்தனார் வாசலிலேயே நின்றாள். எப்போதும் இருக்கிற கிண்டல் அவள் முகத்தில் இல்லை. "அண்ணி, மூத்தவனுக்கு பத்தொம்பது. சின்னவனுக்கு பதினேழு. என் ரெண்டு பிள்ளைங்களும் இப்ப உங்க நாக்குல இருக்காங்க." சொல்லிவிட்டு நாத்தனாரே அழுதாள். "தூணு எனக்கும் பொண்ணுதான். அதுக்காக என்ன பண்ணச் சொல்றீங்க?"

தையற்காரி ஒன்றும் பண்ணச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாதத்தை மட்டும் எண்ணினாள். இந்நேரம் பிறந்திருக்கும், இந்நேரம் குப்புற விழும், இந்நேரம் பல் முளைக்கும். ராணியும் அதையே எண்ணினாள். பிள்ளை பிறந்ததாக அக்கரையிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

நாலாம் வருஷத்துக் கயிறு வந்தது. 'இளவரசி நலம்.' தையற்காரி விரலை ஓட்டினாள். இரட்டை முடிச்சு இல்லை, ஒற்றை முடிச்சு. கழுத்து ஒல்லி, இடுப்பு ஒல்லி. வலது தோளும் இடது தோளும் ஒரே மட்டம்.

கயிறு கொண்டு வந்த குதிரைக்காரன் வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய்க் கேட்டாள். "அளவுக்கு நிக்கிற பொண்ணு ஒருத்தி அங்க இருப்பாளேப்பா, இடது தோள் கொஞ்சம் சாஞ்ச மாதிரி?"

"எனக்கென்னம்மா தெரியும்? கயித்தைக் குடுத்தாங்க, வாங்கிட்டு வந்தேன்."

உள்ளே ராணி பொம்மையின் பக்கத்தில் காத்திருந்தாள். "வயிறு இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"கலைஞ்சிருக்கும் பாவம். இளைச்சிருப்பா." ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த அளவுக்கு மாத்திடு. வயித்தோட அதைப் பாக்க முடியல எனக்கு."

தையற்காரி பொம்மையைக் கிடத்தினாள். வயிற்றுத் தையலை முதலில் பிரித்துப் பஞ்சை எடுத்தாள். இடுப்பை இறுக்கினாள். கழுத்தைச் சுருக்கினாள். இடது தோளுக்கு வந்ததும் ஊசி நின்றது. ராணி பார்த்துக்கொண்டே இருந்தாள். தையற்காரி அந்தத் தோளைப் பிரித்தாள். வயிற்றிலிருந்து எடுத்த பஞ்சிலேயே ஒரு பிடி எடுத்து உள்ளே திணித்து, வலது தோளின் மட்டத்துக்கு ஏற்றித் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இப்ப நேரா இருக்கு," என்றாள் ராணி.

"நேரா இருக்கும்மா," என்றாள் தையற்காரி.