வெள்ளிக்கிழமை வராத கண்ணாடி

1. நூல் கட்டிய பொட்டலம்

மார்கழிக் காலை. ஆர்.எஸ்.புரத்தில் என் பொறுப்பில் இருந்த தெருவில் கோலங்களின் ஈரம் இன்னும் காயவில்லை. தூய்மைப் பணியாளர் சரசு அக்கா ஒரு பையைப் பேட்டரி வண்டிக்குள் போட்டு, இடம் பண்ணுவதற்காக உள்ளங்கையால் அழுத்தினார். கையை எடுத்தபோது ரப்பர் கிளவுஸ் கிழிந்து ரத்தம் சொட்டியது.

குப்பை எடுக்கும் ஒரு ஏஜென்சியில் நான் சூப்பர்வைசர். அக்காவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுப் பையைக் கொட்டிப் பார்த்தேன். காய்கறித் தோல்களுக்கு நடுவே ஒரு பொட்டலம். உடைந்த கண்ணாடி டம்ளரை நாளிதழில் மடிப்பு மடிப்பாகச் சுற்றி, பூ கட்டும் நூலால் கட்டியிருந்தார்கள். யார் கையிலும் குத்திவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் சுற்றியது. சுற்றியதால்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அக்கா அழுத்தியிருக்க மாட்டார்.

பை ருக்குமணி அம்மா வீட்டினுடையது. ஒரு காலத்தில் மில் நடத்திய குடும்பம். தெருச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கேள்விப்பட்டதும் மருந்துச் செலவு தன் பொறுப்பு என்று ஆள் அனுப்பினார். தையல் பிரித்த பிறகும் அக்காவின் மோதிர விரல் மடங்கவில்லை. இன்னொரு வெட்டு விழுந்தால் கையில் பிடிப்பே இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்று அக்கா வண்டி பக்கமே போகவில்லை.

“கண்ணாடி இருக்கற பையத் தொட மாட்டனுங்க சார். என்ற கை அரிசி களையோணும், தலை பின்னோணும். குப்பைக்கு மட்டுமா இந்தக் கை?”

மேனேஜரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. வண்டிகளை எண்ணி எண்ணி ஆட்களைப் பார்க்கும் கண் மங்கிப்போனவர்.

“எல்லாப் பையும் எடுத்தாத்தாங்க வேலை. தை முடியற வரைக்கும் பொறுக்கறேன், பையெல்லாம் பக்கத்துத் தெரு ஆளு எடுக்கட்டும். அதுக்குள்ள அந்தத் தெருப் பைல கண்ணாடி வராமப் பண்ணுங்க. இல்லீன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்.”

2. எல்லோரும் சரிங்க என்ற கூட்டம்

சரக்குப் பாட்டில்கள் கடைக்கே திரும்பிவிடுகின்றன. முழுசாக இருக்கும் ஜாம் பாட்டிலைப் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வார். உடைந்ததைத்தான் ஒருவரும் சீந்துவதில்லை. அதை உருக்கும் ஆலைக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர் கிடைத்தார். நிறைய சேர்ந்தால் லாரி அனுப்புவதாகச் சொன்னார். எங்களிடம் இருந்த மினி லாரி வெள்ளிக்கிழமை மட்டும் சும்மா நின்றது. ஆகவே வெள்ளிதோறும் கண்ணாடி நாள் என்று முடிவு செய்தேன்.

ருக்குமணி அம்மா வீட்டுக் கூடத்தில் கூட்டம். காபி வந்தது, மிக்ஸர் வந்தது. உடைந்த கண்ணாடியைத் தனியாக எடுத்து வையுங்கள், வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்கிறோம் என்றேன். “சரிங்க, செஞ்சுபோடலாமுங்க” என்றார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை.

முதல் வெள்ளி, லாரி காலியாகத் திரும்பியது. அடுத்த வெள்ளியும் அப்படியே. நான் ருக்குமணி அம்மாவின் கேட்டில் போய் நின்றேன்.

“ஏனுங்க தம்பி, வெள்ளிக்கெழம ஊட்டுலருந்து கண்ணாடிய எடுத்துக் குடுப்பாங்களா? அதும் வெளக்கேத்தற நாளு.”

“அன்னைக்குக் குப்பை போகுதுங்களேம்மா?”

“குப்பைன்னு போறது வேறீங்க. கண்ணாடின்னு பேரு சொல்லிக் குடுக்கறது வேறீங்க. ஒடஞ்சத வெள்ளி வரைக்கும் ஊட்ல வெச்சுக்கறதும் ஆகாதுங்க. ஒடஞ்சா ஒடனே வெளிய போயிறோணும்.”

“இதக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமுங்களே?”

“நீங்க அவ்வளவு தூரம் வந்து பேசறப்ப எப்படிங்க மறுத்துச் சொல்றது?”

என் வீட்டிலும் வெள்ளிக்கிழமை அப்படித்தான். லாரியின் ஓய்வு நாளைப் பார்த்த எனக்குத் தெருவின் விளக்கு நாள் தோன்றவில்லை.

3. பஞ்சர் கடைப் பேரல்

உடைந்த கண்ணாடி உடனே வீட்டை விட்டுப் போக வேண்டும், அதற்குத் தெருவிலேயே ஓர் இடம் வேண்டும். கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் பழைய ஆயில் பேரல் ஒன்றுக்கு இருபுறமும் அச்சு வைத்து, இரும்புக் கால்களில் தொங்கவிட்டோம். சிமெண்ட் கலவை மெஷின் போலக் கவிழ்த்துக்கொள்ளலாம், உள்ளே யாரும் கை விட வேண்டியதில்லை. மூடியில் பாட்டில் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

பேரல் எல்லோருக்கும் பிடித்தது. அவரவர் வீட்டு வாசலில் மட்டும் வேண்டாம் என்றார்கள், அதையும் மரியாதையாக. “அந்த முக்குல வெச்சா ரொம்ப நல்லாருக்குமுங்க” என்பார்கள். முக்கு வீட்டுக்காரர் எதிர் முக்கைக் காட்டுவார்.

கடைசியில் அதே தெருவில் இருந்த பஞ்சர் கடை ரங்கசாமியிடம் போனேன்.

“ரோட்ல கண்ணாடி கெடந்தாத்தானுங்க எனக்குப் பொழப்பே. அதையும் பேரல்ல போட்டு மூடிட்டீங்கன்னா நான் காத்த வித்துத் திங்கறதுங்களா?”

“காத்தும் விக்கிறீங்கதானே?”

சிரித்தார். தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்தார். கண்ணாடி போட வருகிறவர்கள் வண்டியில்தான் வருவார்கள், வந்தால் காற்றும் பிடிப்பார்கள் என்று கணக்கு ஓடியிருக்க வேண்டும். “சரி, வெய்யுங்க” என்றார். கண்ணாடி விழும் சத்தம் மேல்மாடிக்குக் கேட்கிறதென்று புகார் வந்தபோது, கிழிந்த டியூப்களை வெட்டிப் பேரலின் உட்சுவரில் அவரே ஒட்டிவிட்டார்.

4. திறந்து கொண்டுவருதல்

தை பிறந்தது. பேரல் நிறைந்தது. நாங்கள் கவிழ்த்தபோது கீழே விழுந்தவை பொட்டலங்கள். மறுபடியும் நாளிதழ், மறுபடியும் நூல். பிரிக்காமல் வியாபாரி எடுக்கமாட்டார், பிரிப்பதற்கு இன்னொரு கை வேண்டும். அக்கா தள்ளி நின்று பார்த்தார்.

அன்றிலிருந்து ரங்கசாமி காவலுக்கு நின்றார்.

“பொட்டலம் வேண்டாமுங்க அம்மணி, பிரிச்சுப் போடுங்க. பீங்கான் கப்ப உள்ள போடாதீங்க, அது உருகாதாமா. வெளிய வெச்சிருங்க.”

ஆனால் உடைந்ததை எல்லோரும் பார்க்க எடுத்துவர இந்தத் தெருவுக்குக் கூச்சம். எதிரே வருகிறவர் சும்மா போகமாட்டார்.

“என்னங்க மாமா, ஊட்ல சண்டைங்களா?”

“பூனைங்க, பூனை.”

“போன வாரமும் பூனைதானுங்களே?”

இந்தப் பேச்சுக்குப் பயந்து சிலர் வரவில்லை. சிலருக்கு நாளாக ஆக அந்தப் பேச்சே பிடித்துப்போனது. அகன்ற பாத்திரத்தில் கண்ணாடியைத் திறந்தபடி ஏந்தி வந்தார்கள். வெயில் அதில் பட்டுச் சுவர்களில் துண்டு துண்டாக ஓடியது. வியாபாரியின் லாரி ஒரு முறை வந்து அள்ளிப்போனது.

5. கை

தை முடியப் போகிற நேரம். மேனேஜர் நேரில் வந்தார். நான் பேரலைக் காட்டினேன், லாரி வந்ததைச் சொன்னேன்.

“அதெல்லாம் சரிங்க. பை எடுக்கறாங்களா?”

சரசு அக்கா ருக்குமணி அம்மா வீட்டு வாசலில் நின்றார். கறுப்புப் பை கேட்டருகே இருந்தது. குனிந்தார். கை பாதியில் நின்றுவிட்டது.

“உள்ள என்ன இருக்குதுன்னு எனக்கு எப்படிங்க சார் தெரியும்? பேரல் இருக்கறது பஞ்சர் கடைல. பை இருக்கறது இங்க.”

மேனேஜர் போனை எடுத்தார். வேறு ஆளுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ருக்குமணி அம்மா கேட்டைத் திறந்து வந்தார். பையின் முடிச்சை அவிழ்த்தார். வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு, வெறும் கையை உள்ளே விட்டார். அடி வரைக்கும் துழாவினார். பிறகு உள்ளங்கையால் அழுத்தினார், அக்கா வண்டியில் அழுத்துவது போலவே.

உள்ளேயிருந்து அவர் கணவரின் குரல் வந்தது. “அம்மணி, என்ன பண்ற? குப்பைல கைய உட்டுட்டு?”

“நம்மூட்டுக் குப்பைதானுங்களே.”

கையை எடுத்தார். முருங்கைத் தோலும் காபித் தூளும் ஒட்டியிருந்தன. “எடுத்துக்க சரசு” என்றார்.

அக்கா எடுத்து வண்டியில் போட்டார். அழுத்தினார். மேனேஜர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் பையோடு நின்றவரை அக்கா பார்த்தார். அவரும் கையை உள்ளே விட்டு அழுத்திக் கொடுத்தார். அதற்கடுத்த வீட்டுக்காரர் பையைத் திருப்பி உள்ளே எடுத்துப் போனார். சற்று நேரத்தில் உடைந்த ஊறுகாய் பாட்டிலோடு பஞ்சர் கடைப் பக்கம் நடந்தார்.

சரசு அக்கா இன்றும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார். நான் மற்ற ஊர்களுக்கும் போய்ப் பேரல் வைக்கிறேன். கிணத்துக்கடவு, அவிநாசி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அச்சின் கனம் என்ன, ஓட்டையின் அகலம் என்ன என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். கூடவே ஒன்று சொல்கிறேன். பையைக் கொடுக்கிறவரை அவர் கையால் ஒருமுறை அழுத்தித் தரச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் அந்தப் பையைத் தொடாதீர்கள்.