மூன்றாம் மாடிச் சாட்சி

கொழும்பில் நாற்பது வருடம் சீவித்த எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்தவர்களுக்குச் சிங்களத்தில் முதலில் பாடமான வசனம், "நான் ஒன்றும் காணவில்லை" என்பதுதான். கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து இருந்த காலத்தில், கண்ணுக்கு முன்னால் ஒருவன் இன்னொருவனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாலும் நாங்கள் சுவரைப் பார்ப்போம். சாட்சி சொல்லப் போனவன் சந்தேக நபராகி உள்ளே இருந்த காலம் அது. யுத்தம் முடிந்த பிறகும் பழக்கம் விடவில்லை. ஆகவே, அறுபத்தாறு வயதில் நான் தொலைக்காட்சிக் கமராவுக்கு முன் நின்று சாட்சி சொன்னது எங்கள் வீட்டில் ஒரு புதினம்.

இப்போது இருப்பது வெள்ளவத்தையில், மூன்றாம் மாடி பிளாட். எங்கள் ஒழுங்கையில் இன்னொரு தொடர்மாடி எழும்பிக்கொண்டிருந்தது. வெறும் காணியைக் கண்டால் பிளாட் முளைக்கிற ஊர் இது. கிரேன் கம்பி தூக்குகிற நேரங்களில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் சிவப்புக் கொடியும் விசிலுமாக ஒழுங்கையை மறிப்பான். நான் வந்த ஓட்டோவை அவன் மறித்த நாட்களில் அவனைச் சிங்களத்தில் ஏசியிருக்கிறேன். எந்த ஊர், எந்தப் பாஷை என்று கேட்டதில்லை.

ஒரு புதன்கிழமை காலை கிரேனிலிருந்து கம்பிக் கட்டு விழுந்தது. நின்ற ஓட்டோவின் மேலும் பக்கத்தில் நின்றவர்களின் மேலும். நாலு பேர் செத்துப்போனார்கள். ஒரு பிள்ளை பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தது. அதற்குமேல் அதை எழுத எனக்கு மனமில்லை.

சனம் கூடிவிட்டது. கூடிய சனத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டும். கம்பனிக்காரர் வந்து சேரவில்லை, கிரேன்காரன் உயரத்தில் இருந்தான். கைக்கு எட்டிய தூரத்தில் கொடிக்காரன் மட்டும் நின்றான். நான் கீழே இறங்கியபோது கமராவோடு வந்த பெண் என்னிடம், "அங்கிள், நீங்கள் பார்த்தீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"பார்த்தேன். கொடி பிடிக்கிறவன் போனில் கதைத்துக்கொண்டு நின்றான். ஒருவரையும் மறிக்கவில்லை" என்றேன். ஒரு பிழையும் இல்லாத சிங்களம்.

சொல்லி முடிய முன்னரே சனம் அவனில் கை வைத்துவிட்டது. பொலிஸ் வந்து பிரித்து, இரத்தம் வழிந்த தலையோடு அவனை ஜீப்பில் ஏற்றியது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பின்னேரம் பொலிஸ் நிலையத்திலும் அதையே சொல்லிக் கையெழுத்து வைத்தேன். இரவு கனடாவிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள்.

"அண்ணா, உங்களை வீடியோவில பாத்தனாங்கள். நல்லாச் சொன்னியள். அவனைத் தூக்கில போடவேணும்."

"ஓம், ஓம்" என்றேன்.

அடுத்த நாள் காலை மனைவி கேட்டாள்: "அவன் போன் கதைச்சதை நீங்கள் எப்ப கண்டனீங்கள்?"

"என்ன கேள்வி இது? பல்கனியில நிண்டு கண்டனான்."

"கம்பி விழேக்குள்ள நீங்கள் மேசையில இருந்து இடியப்பம் சாப்பிட்டனீங்கள். நான் சொதி விட்டுக்கொண்டு நிண்டனான். சத்தம் கேட்ட பிறகுதானே கையும் கழுவாமல் பல்கனிக்கு ஓடினனீங்கள்?"

"உனக்கு ஒண்டும் தெரியாது" என்று கத்தினேன். தவளை தன் வாயால் கெடும் என்று அவள் முணுமுணுத்தது கேட்டது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபோது எல்லாம் வரிசைக்கு வந்தது. அவன் காதில் போன் இருந்தது உண்மைதான், ஆனால் கம்பி விழுந்த பிறகு. அம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறான். பிந்தி நடந்ததை நான்தான் முந்தி வைத்துவிட்டேன். என் சொல்லை நம்பி ஒரு மனிதனை உள்ளே வைத்திருந்தார்கள்.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் கதிரை தந்து இருத்தினார்.

"அங்கிள், பயப்பட வேண்டாம். அவனுடைய ஆட்கள் மிரட்டினார்களா?"

"இல்லை. நான் சொன்னது பிழை."

"விளங்குகிறது. அவனும் தமிழன், பாவம் பார்க்கிறீர்கள்."

அவன் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தமிழன் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதி நீட்டியதை எழுத்துக்கூட்டி வாசித்தேன். சாட்சிக்காரர் பயத்தினால் வாக்குமூலத்தை மீளப்பெறுகிறார் என்று இருந்தது. வெட்டச் சொன்னேன். அவருடைய முகம் மாறியது.

"அப்படியென்றால் நேற்றுப் பொய் சொன்னீர்களா? உங்கள் மேல்தான் வழக்கு வரும்."

"காணாததைக் கண்டேன் என்று சொன்னேன். அப்படியே எழுதுங்கள்" என்றேன். எழுதினார். கையெழுத்து வைத்தேன்.

அவனை விடுவித்தது என் கையெழுத்தல்ல, எதிர்க் கடையின் கமரா. அதில் அவன் கொடியை விரித்துப் பிடித்து ஓட்டோவையும் ஆட்களையும் சரியான இடத்தில் மறித்து வைத்திருக்கிறான். கம்பிக் கட்டு பக்கவாட்டில் ஆடி, அவன் மறித்து வைத்தவர்கள் மேலேயே விழுந்திருக்கிறது. அந்தப் பதிவு வெளியான பின்னேரமே எங்கள் தொடர்மாடி வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கிரேன்காரனை ஏசத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டு கிழமை கழித்து, கட்டிடத்தில் கிடந்த தன் உடுப்புப் பையை எடுக்கக் கொடிக்காரன் வந்திருந்தான். தலையில் தையல். நான் படியிறங்கி ஓடிப்போய், "தம்பி, டீவியில உங்களைப் பற்றிப் பிழையாச் சொன்னது நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"தெரியும்ங்க ஐயா. அது போவட்டும்" என்றான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் எங்கள் பல்கனியைப் பார்த்தான்.

"அந்தப் புள்ள மேல போத்துறதுக்கு ஒரு சீலை போடுங்கன்னு கத்துனேனுங்களே. நீங்க மேலருந்து என்னயப் பாத்துட்டு உள்ள போயிட்டீங்க. ஒங்களுக்குக் கேக்கலையா ஐயா?"

"இல்லை, கேக்கேல்லை" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

கேட்டது. என்னைத்தான் கூப்பிடுகிறான் என்பதும் தெரிந்தது. பொலிசுக்கு நான் கொடுத்த இரண்டு வாக்குமூலத்திலும் அது இல்லை.