மேகத்தின் வயிற்றில் மிளகாய்ச் சிவப்பு

பிரிட்ஜ்போர்ட்டின் அச்சுத்தகட்டுக் கூடத்தில் மார்கிட் சலாய் படக்கதைப் புத்தகங்களுக்கு நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். நியூயார்க்கிலிருந்து கறுப்புக் கோடுகளில் வரைந்த படம் வரும். எங்கே என்ன நிறம் என்று பூசிக் காட்டிய மாதிரித்தாளும் கூடவே வரும். அதைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுக்கும் தனித்தனியே தகடு தயாரிக்க வேண்டும். யோசிக்க வேண்டியதில்லை. யோசித்தால் தாமதமாகும் என்று மேற்பார்வையாளர் ஹேன்லன் அதைத் தடையே செய்திருந்தார்.

மார்கிட்டுக்குக் கிடைத்ததெல்லாம் உள்பக்கங்கள். கடை வாசலில் கொக்கியில் தொங்குகிற முகப்பு அட்டை ஒன்றாவது தன் கையால் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நாற்பத்தாறாம் வருட இலையுதிர்காலத்தில் அது வந்தது. மேலங்கி பறக்க, ஒரு பலசாலி அணுகுண்டு மேகத்தைக் காலிஃபிளவர் மாதிரி காம்போடு பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு நிறம் இருந்தது, மேலங்கிக்கு இருந்தது, மூழ்குகிற கப்பலுக்குக்கூட இருந்தது. மேகம் மட்டும் வெறும் தாள். அதன் மேல் பத்திரிகை ஆசிரியர் பென்சிலால் எழுதியிருந்தார்: "நிஜத்தில் இருப்பது போல."

கூடம் முழுக்கத் திகைத்தது. செய்தித்தாளில் மேகம் சாம்பல் நிறம். ஆனால் செய்தித்தாளில் தக்காளியும் சாம்பல்தானே?

"உன் புருஷன் பிகினித் தீவுப் பக்கம்தானே கப்பல்ல இருந்தான்? குண்டு போட்டுப் பாத்தாங்களே, அப்ப?" என்றார் ஹேன்லன்.

"ஆமா சார்."

"அப்ப அட்டை உனக்குத்தான். கேட்டுட்டு வா. தெரியலைன்னா பக்கத்து மேஜை டோரிஸுக்குக் குடுத்துடறேன். எதைக் குடுத்தாலும் அவ ஊதா அடிச்சிடுவா."

கப்பலிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அவள் கணவன் ஃபெரிக்கு, ஊரில் குடியேறியிருந்த ஹங்கேரியர்களின் சங்கத்தில் அந்த ஒரு மேகம்தான் பிழைப்பு. கதை கேட்டவர்கள் பியர் வாங்கிக் கொடுத்தார்கள். சிக்கல் என்னவென்றால், மேகம் ஆளுக்கு ஆள் மாறியது. பாதிரியாருக்குப் பொன்னிறம், கசாப்புக்காரருக்கு ரத்தச்சிவப்பு, மாமியாருக்குச் சலவை வெள்ளை.

அன்று மாலை அடுப்பில் கோழி கொதித்துக்கொண்டிருந்தபோது மார்கிட் அவனைப் பிடித்தாள்.

"ஒழுங்காச் சொல்லு ஃபெரி. என்ன நிறம்?"

"அது மாறிக்கிட்டே இருக்கும்."

"எதுலேர்ந்து எதுக்கு?"

"அதான் சொல்றேனே, மாறிக்கிட்டே."

"நீ பாத்தியா, இல்லையா?"

ஃபெரி தட்டைப் பார்த்தான். "கப்பல் சமையல்காரன் எங்க இருப்பான்? கீழ உருளைக்கிழங்கு உரிச்சிக்கிட்டிருந்தேன். வாணலி லேசா நகந்துச்சு. மேல வர்றதுக்குள்ள எல்லாம் கலைஞ்சு போச்சு. அத்தனை பேரும் வாயப் பொளந்துக்கிட்டு நின்னானுங்க. நானும் பொளந்துக்கிட்டேன்."

"அப்புறம் சங்கத்துல அளக்கிறது?"

"ஆசையாக் கேக்கறாங்களே. பாக்கலைன்னு எப்படிச் சொல்றது?"

உண்மையைச் சொன்னால் அட்டை டோரிஸுக்கு, ஃபெரி ஊர்ச் சிரிப்புக்கு. மார்கிட் குழப்பத்தோடு சட்டியில் புளிப்புப் பாலாடையை ஊற்றினாள். மிளகாய்ப்பொடிச் சிவப்புக்கு மேல் அது வெள்ளையாகப் பொங்கி, ஓரங்களில் ஆரஞ்சாகச் சுருண்டது. கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"மேல வெள்ளை, ஓரம் ஆரஞ்சு, வயிறு சிவப்பு சார்," என்றாள் மறுநாள்.

"உன் புருஷன் சொன்னானா?"

"வீட்டுல பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அட்டை வெளிவந்தது. ஃபெரி அதைச் சங்கத்துச் சுவரில் குத்திவைத்தான். ஒரு சனிக்கிழமை புது ஆள் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். பெயர் கால்மன். வேறொரு கப்பலில் மேல்தளத்தில் நின்று அந்தக் குண்டைப் பார்த்தவன். "இவன் சொல்லட்டும்!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். ஃபெரி கையிலிருந்த பியரை ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

கால்மன் சுவரிலிருந்த அட்டையைக் கிட்டே போய்ப் பார்த்தான். "இதேதான்," என்றான். "இந்த வயிறு, இந்தச் சிவப்பு. கண்ண மூடினா இதான் வருது." பிறகு அட்டைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான்.

"நான் சொல்லல?" என்றான் ஃபெரி எல்லோரிடமும்.

வீட்டுக்கு நடக்கும்போது குரலைத் தாழ்த்தினான். "மார்கிட், நிஜமா அப்படியா இருந்துச்சு?"

"என்னைக் கேட்டா? அது கோழிக்குழம்புடா!"

"பாத்தவனே சொல்றானே."

கடலில் பார்த்ததைச் சொன்னானா, வருகிற வழியில் கடைக் கொக்கியில் பார்த்ததைச் சொன்னானா? மார்கிட்டுக்கு விளங்கவில்லை. கால்மனிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

அடுத்த அட்டை வந்தது. மேகத்தின் மேல் பென்சில்: "போன தடவை போலவே நிஜ நிறம்." அட்டையும் அவளுக்கே. பழைய அட்டையைப் பார்த்து அப்படியே அடித்துவிடலாம். ஆனாலும் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று வீட்டில் கோழி வைத்தாள். மிளகாய்ப்பொடி இந்தத் தடவை வேறு கடையில் வாங்கியது. குழம்பு வெளுத்திருந்தது. பழைய அட்டையைச் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள். குழம்பு தப்பா, குண்டு தப்பா?

ஃபெரி ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தான். "சரியா இருக்கே."

"ருசியைக் கேக்கல. நிறத்தைப் பாரு. இதுவா, அதுவா?"

அவன் சட்டியைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், மறுபடி சட்டியைப் பார்த்தான். "அன்னிக்கு மேல வந்தப்ப," என்று மெதுவாக இழுத்தான், "கொஞ்சம் மிச்சம் இருந்த மாதிரிதான் ஞாபகம். இதவிடச் சிவப்பா."

மார்கிட் இன்னும் ஒரு கரண்டி மிளகாய்ப்பொடி போட்டாள்.