ஒன்பது வியாழன் நான் போட்ட சீட்டு

கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதித் தருகிறேன்.

1998 ஆகஸ்டில் என் மகன் பிரான்சிஸின் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கியது. போர்வை பட்டாலே அலறினான். வயது இருபது. எங்கள் விவேக் நகரில் பார்த்த டாக்டர், யூரிக் ஆசிட் அதிகம், குடிக்கிறவர்களுக்குத்தான் இந்த வயதில் வரும் என்றார். "குடிக்கிறியாப்பா?" என்று கேட்டார். இல்லை என்றான். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

எதிர்வீட்டு மேரி சிரித்தாள். "இது பணக்காரங்க வியாதியாச்சே ஸ்டெல்லாக்கா! உன் புள்ளைக்கு பீரா, பிராந்தியா?"

எனக்கு எதிர்த்துப் பேச வராது. அன்றிலிருந்து அவன் வேலை முடிந்து வந்ததும் வாயை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. ஏலக்காய் மென்று மறைக்கிறான் என்று நினைத்தேன்.

ஒன்பது வாரம் வேண்டும் குழந்தை இயேசு நவநாளில் ஒவ்வொரு வியாழனும், 'என் மகனைக் குடியிலிருந்து மீட்டருளும்' என்று சீட்டு எழுதிக் கோயில் மன்றாட்டுப் பெட்டியில் போட்டேன். எட்டாவது வாரம் அவனுக்குச் சிறுநீரில் இரத்தம் வந்தது. கல்லாம். இப்படியே விட்டால் சிறுநீரகம் போய்விடும் என்றார்கள்.

"நீயாவது நம்பும்மா" என்று அழுதான்.

ஒன்பதாவது வியாழன் வேறு சீட்டு எழுதினேன்: 'ஆண்டவரே, உண்மை எதுவோ அதைக் காட்டும்.'

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் குடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்க கூடப் பொறந்த ஆம்பளைங்க யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?"

கோலார் தங்கவயலில் என் அண்ணன் ஆரோக்கியம் இப்படித்தான் கைகால் வீங்கி, சிறுநீரகம் கெட்டு, முப்பத்திரண்டு வயதில் இறந்தார். "சத்தியமா நான் தொட்டதில்ல ஸ்டெல்லா" என்று என்னிடம் சொல்லியிருந்தார். குடிகாரன் என்று எண்ணி, கடைசியில் நான் பார்க்கக்கூடப் போகவில்லை.

இரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். யூரிக் ஆசிட் அளவுக்கு மீறாமல் காக்கும் ஒரு என்சைம் பிரான்சிஸுக்குப் பிறவியிலேயே குறைவு. "தாய் வழியா வரும், பசங்களுக்குத்தான் பெரும்பாலும் காட்டும். உங்க தப்பு இல்லம்மா" என்றார் டாக்டர். தினமும் மாத்திரை, நிறையத் தண்ணீர். கல் வெளியேறியது. சிறுநீரகம் தப்பியது. வியாதி போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது. இப்போது ஆறு வருடமாக வேலைக்கு நடந்தே போகிறான்.

டாக்டர் சொன்ன அன்றே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "இனிமேலாவது மூக்க தூர வைம்மா" என்று சிரித்தான்.

அண்ணனிடம் கேட்க முடியாது. இறந்தவர்களை நினைக்கும் ஒவ்வொரு நவம்பரிலும் அவருக்காகப் பூசை கொடுக்கிறேன். பங்குத்தந்தை அவர் பெயரை வாசிக்கும்போது, மகன் என் பக்கத்தில் நிற்கிறான்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் யார்மேலாவது சந்தேகம் இருந்தால், உண்மையைக் காட்டும் என்று ஆண்டவரிடம் கேளுங்கள். எனக்குக் காட்டினார். அதைத் தாங்கவும் வைத்தார். அவருக்கு என் நன்றி.