வாயில் போல்ட் வைத்திருந்தவர்

எழுபதுகளில் அரூரில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். மருதாணித் தாடி, எண்ணெய் படிந்த லுங்கி. வேலை செய்யும்போது போல்ட்டுகளை வாயில் வைத்துக்கொள்வார். எதைக் கேட்டாலும் "ம்" என்பார்.

எங்கள் அலுவலக ஜீப்பின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளில் ஒன்று உடைந்துவிட்டது. மறுநாள் கலெக்டர் சித்தேரி மலைக்கு வருகிறார். ஜீப் ஓடாவிட்டால் எனக்கு மெமோ நிச்சயம். ஆகவே பகல் முழுக்க, ஜீப்புக்கு அடியில் கிடந்தவரின் கால்மாட்டில் நின்று முறைகளை எடுத்துச் சொன்னேன். ஒன்று உடைந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும். பழைய போல்ட் ஆகாது. முடிந்ததும் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் "ம்".

கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டுத்தான் பாய் வாய் திறந்தார். "பின்னாடி ஏறுங்க சார்."

"முன்சீட் காலியாத்தானே இருக்குது?"

"பாரம் பின்னாடிதானுங்க இருக்கணும். நீங்கதானே சொன்னீங்க?"

பாப்பிரெட்டிப்பட்டி சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். இறங்கி அடியில் குனிந்து பார்த்தவர், "ஒண்ணும் ஆவலீங்க" என்றார். பிராக்கெட்டைச் சொன்னார்.

மறுநாள் கலெக்டர் உட்காரச் சொல்லியும் நான் நின்றுகொண்டே பதில் சொன்னேன். அதை மரியாதை என்று அவர் மெச்சினார். அந்தச் சாலையில் ஒரு குழியைக்கூட பாய் விட்டுவைக்காதது வேலையில் இருந்த அக்கறையால்தானா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.